அப்பா கொடுத்த மிஸ்கோல்

வீரபாகுவிடம் யாராவது மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

"காவல்."

கேட்டவர் முழிப்பார். கம்பஸில் பட்டம் எடுத்த பிள்ளை, கிளிநொச்சியில் கண்ணாடிக் கதவு போட்ட கந்தோரில் இருக்கிற பிள்ளை, காவல் வேலையா பார்க்கிறது? அந்த முழியை வீரபாகு ஆறுதலாக ரசிப்பார். பிறகுதான் மிச்சம் வரும்.

"நாங்கள் வயலில பண்டிக்கும் யானைக்கும் காவல் இருக்கிறம். அவள் கொம்பியூட்டருக்கு இருக்கிறாள். கொட்டில் மட்டும் கொஞ்சம் நல்ல கொட்டில்."

விளக்கத்தில் பிழை சொல்ல முடியாது. கஜேந்தினியே தன் வேலையை இவ்வளவு சுருக்கமாக யாருக்கும் சொன்னதில்லை. இங்கிலாந்தில் மருந்துகளை மொத்தமாக விற்கிற ஒரு நிறுவனம், அதற்கு எக்கச்சக்கமான சேர்வர்கள். மருந்துக் கடைகள் அனுப்புகிற ஓடர்களை வாங்கி, களஞ்சியத்துக்குச் சொல்லி, கணக்குப் பார்த்து, இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிற பெரிய கணினிகள் அவை. ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னதாய் ஒரு நிரல் குந்தியிருக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தால் அது 'இருக்கிறேன்' என்று ஒரு சமிக்ஞை அனுப்பும். கிளிநொச்சியில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில், சுவரில் மாட்டிய பெரிய திரையில், அந்தக் கணினிகளெல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரியும். சமிக்ஞை வந்தால் பெட்டி பச்சை. வராவிட்டால் சிவப்பு, கூடவே எல்லோருடைய போனுக்கும் அபாய அறிவிப்பு. இந்தக் கண்காணிப்பு மென்பொருளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது கஜேந்தினியின் பொறுப்பு. காவல்காரனுக்குத் தூக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலையில் பெரிய தொல்லை வீண் சத்தம்தான். மென்பொருளை முதன்முதலில் நிறுவியபோது அது எல்லாவற்றுக்கும் கத்தியது. ஒரு கணினி கொஞ்சம் மெதுவாக ஓடினால் கத்தியது. இடம் சற்றுக் குறைந்தால் கத்தியது. வழமையாக நடக்கிற வேலை வழமையாக நடந்தாலும் கத்தியது. முதல் கிழமைகளில் எல்லோரும் தலைகால் தெரியாமல் ஓடினார்கள். பிறகு நடந்தார்கள். பிறகு போனைத் திருப்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அப்போதுதான் கஜேந்தினி இரண்டு விதிகளை எழுதிப் போட்டாள். ஒரே கணினி ஒரே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் அதை ஒன்றாய் எடுத்து ஒரு பக்கம் ஒதுக்கு. கூப்பிட்டதற்குக் கணினி பதில் சொல்லுகிற வரைக்கும் பெட்டி பச்சையாகவே இருக்கட்டும்.

கந்தோரில் அமைதி வந்தது. இங்கிலாந்துக்காரர் பாராட்டி மின்னஞ்சல் போட்டார்கள். பொறுப்பாளர் கோகுலன் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து, "கஜி, நீ இல்லாட்டி எங்களுக்கெல்லாம் விசர் பிடிச்சிருக்கும்" என்றான். அவள் அதை அப்பாவிடம் சொன்னாள். அவர் அதை ஜெயபுரம் முழுக்கச் சொன்னார்.

வீரபாகு ஜெயபுரத்தில் தனியாக இருந்தார். பிறந்தது மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தகப்பன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வன்னிக்கு வந்தார். ஜெயபுரம் அப்படி மலையிறங்கி வந்தவர்களின் ஊர்; காடு வெட்டி, கல் பொறுக்கி, கிணறு தோண்டிய காணி அது. சண்டை துரத்தத் துரத்த அந்தக் காணியை விட்டு ஓடி, ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். கடைசித் தடவை திரும்பி வரும்போது மனைவி சிவலட்சுமி கூட வரவில்லை. கடற்கரை மணலில் ஒரு பதுங்குகுழி வாசலில் ஷெல் விழுந்து அவளை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. அகதி முகாமிலிருந்து இரண்டு பேராக வீடு வந்தார்கள், தகப்பனும் பள்ளிக்கூடச் சீருடை வயதில் ஒரு மகளும்.

அதற்குப் பிறகு அவர் மகளை வளர்த்த விதத்தைப் பார்த்து ஊர்ப் பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். தலை இழுத்துப் பின்னிவிடுவது முதல் வவுனியாவில் கம்பஸ் வாசல்வரை கொண்டுபோய் விடுவது வரை எல்லாம் அவர்தான். கம்பஸிலும் பிறகு கிளிநொச்சியில் அறை தேடிய இடங்களிலும், "எந்த ஊர் பிள்ளை? ஜெயபுரமோ... ஓ..." என்று இழுத்தவர்கள் இருந்தார்கள். அந்த 'ஓ'வுக்குள் மலையும் லயமும் கொழுந்துக் கூடையும் இருப்பது கஜேந்தினிக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் வீட்டில் கதைத்ததில்லை. தெரிந்தால் அப்பா நோவார்.

இந்தத் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த ஏற்பாடு ஒரு மிஸ்கோல்.

அவள் கம்பஸுக்குப் போன காலத்தில் தொடங்கியது. காலையில் பசுவை அவிழ்த்துக் கட்டியதும் வீரபாகு தன் பட்டன் போனில் மகளுக்கு எடுப்பார். ஒரு தடவை மணி அடித்ததும் வெட்டிவிடுவார். நான் இருக்கிறேன், நீ உன் வேலையைப் பார் என்று அர்த்தம். அவள் எடுக்கக்கூடாது, திருப்பி எடுக்கவும் கூடாது. அந்த நாளில் அது காசு மிச்சம் பிடிக்கிற தந்திரம். வன்னியில் பாதிக் குடும்பம் அப்படித்தான் நடந்தது. போய்ச் சேர்ந்தால் ஒரு மிஸ்கோல், பஸ் ஏறினால் ஒரு மிஸ்கோல், சோறு ஆக்கியாயிற்று வா என்பதற்கும் மிஸ்கோல். பிறகு மகள் சம்பளம் எடுத்து மாதா மாதம் அவருடைய போனுக்கு ரீலோட் காசு போட்டுவிடத் தொடங்கினாள். அப்போதும் அவர் மாறவில்லை. ஒரு நாள் அவள் வேண்டுமென்றே மணி அடித்த கையோடு எடுத்துவிட்டாள்.

"என்ன பிள்ளை, ஏன் எடுத்தனி?"

"சும்மாதான் அப்பா. உங்கட குரலைக் கேட்பம் எண்டு."

"குரலை ஞாயிற்றுக்கிழமை வந்து கேள். இப்ப வேலையைப் பார்." வெட்டிவிட்டார்.

கஜேந்தினிக்கு அது பழகிவிட்டது. காலையில் போன் ஒரு தடவை கிணுங்கி அடங்கினால் அவளுடைய மனதுக்குள் ஒரு பெட்டி பச்சையாகும். வேலைக்கு வந்தபிறகு அவளே அதை நினைத்துச் சிரித்திருக்கிறாள். கோடிக்கணக்கில் கொட்டிச் செய்த மென்பொருள் செய்கிற வேலையை அப்பா ஒரு பெருவிரலால் செய்கிறாரே என்று. ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. நலம் என்று சொல்ல ஒரு சத்தம் வைத்திருந்தார்கள். நலமில்லை என்று சொல்ல ஒன்றும் வைக்கவில்லை.

வீண் சத்தம் இங்கேயும் இருந்தது. வீரபாகு போனைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு வயலில் குனிந்து நிமிருவார். பச்சைப் பட்டன் அமத்துப்பட்டு, கடைசியாய் எடுத்த இலக்கத்துக்கு, அதாவது மகளுக்கு, தன்பாட்டில் அழைப்புப் போகும். முதல் தடவை அப்படி வரிசையாக அழைப்புகள் வந்தபோது அவள் செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டாள். திருப்பித் திருப்பி எடுத்தாள். மடிக்குள் அதிர்ந்த போனை அவர் கவனிக்கவேயில்லை. அரை நாள் லீவு சொல்லி, கிடைத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இறங்கினால், மனுசன் வரம்பில் இருந்து பச்சை மிளகாய் கடித்துப் பழஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை இந்த நேரத்தில? வேலை போயிட்டுதோ?"

அவள் அழுதுகொண்டே ஏசினாள். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காணி இராசேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அதன் பிறகும் பல தடவை அப்படி நடந்தது. இரண்டாம் தடவை இராசேஸ்வரிக்குப் போன் எடுத்து விசாரித்தாள். மூன்றாம் தடவை மாலைவரை பொறுத்திருந்து கேட்டாள். போகப் போக, அப்பாவின் பெயர் திரையில் அடுக்காக விழுந்தால், மனுசன் குனிந்து புல் அறுக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு நல்ல போன் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "எனக்கு இது காணும். தடவுற போன் எனக்குச் சரிவராது" என்று அவர் ஒரேயடியாய் மறுத்துவிட்டார்.

பங்குனி மாதத்தில் ஜெயபுரம் மாரியம்மன் கோயிலில் பொங்கல் வந்தது. கஜேந்தினி ஒரு மாதத்துக்கு முன்பே லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். பொங்கலுக்கு முந்தின நாள் பின்னேரம் பையை அடுக்கிக்கொண்டிருக்கும்போது கோகுலன் எடுத்தான்.

"கஜி, பெரிய பிரச்சினை. ஓடர் ஒண்டும் களஞ்சியத்துக்குப் போகேல்லயாம். இங்க பாத்தால் எல்லாம் பச்சையாக் கிடக்கு."

அவள் கந்தோருக்கு ஓடினாள். ஓடர்களை வாங்குகிற சேர்வர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள் ஓடரைக் கையாளுகிற நிரல் எப்போதோ விறைத்துப்போய் நின்றது. வாசலில் நின்று கூப்பிட்டால் குரல் வருகிறது, உள்ளே அடுப்பு எரியவில்லை. நிறுத்தித் திரும்பத் தொடக்கியதும் ஓடியது. ஓடினால் போதுமா? ஏன் நின்றது, நின்றதை உங்களுடைய காவல் ஏன் காணவில்லை என்று இங்கிலாந்துக்காரர் கேட்டார்கள். நாளைக்குப் பதில் வேண்டும் என்றார்கள்.

"அப்பா, நாளைக்கு என்னால வரேலாது போல கிடக்கு."

"அதுக்கென்ன பிள்ளை. அம்மன் எங்க போகப் போறா? அடுத்த வருசமும் பொங்கத்தானே போறம். நீ வேலையைப் பார்."

மறுநாள் காலை அவள் கந்தோருக்கு நடந்துகொண்டிருக்கும்போது போன் ஒரு தடவை கிணுங்கி அடங்கியது. வழமைபோல.

ஜெயபுரத்தில் அயலட்டைச் சனம் முழுவதும் விடியவே கோயிலுக்குப் போய்விட்டது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஊரைத் தூக்கிக்கொண்டிருந்தது. பசுவுக்கு ஒரு கட்டுப் புல் அறுத்துப் போட்டுவிட்டு, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு போகலாம் என்று வீரபாகு வயற்கரைக்கு இறங்கினார். பிறகு ஆஸ்பத்திரியில் அவர் சொல்லித்தான் இதெல்லாம் தெரிய வந்தது. கையை விட்ட இடத்தில் புடையன் பாம்பு கிடந்தது. முள்ளுக் குத்தியதாக்கும் என்று நினைத்தாராம். பாம்பு அசைந்ததைக் கண்டபிறகுதான் உறைத்தது. சாரத்தைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். பாதி வழியில் தலை சுற்றி வாந்தி வந்தது. மருதமரத்தடியில் இருந்துகொண்டு கூப்பிட்டார். பாட்டுச் சத்தத்தில் அது அவருக்கே கேட்டிருக்காது. கண் இமை விழத் தொடங்கியபோது மடியைத் தடவிப் போனை எடுத்தார். பச்சைப் பட்டனை இரண்டு தரம் அமத்தினால் மகளுக்குப் போகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

அந்த நேரம் கஜேந்தினி கூனிக் குறுகிப்போய்த் திரையின் முன் இருந்தாள். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். விறைத்த சேர்வர் சும்மா விறைக்கவில்லை. நினைவகம் முடிந்துகொண்டு வருகிறது என்று நாட்கணக்காக எச்சரித்திருக்கிறது. ஒன்று இரண்டல்ல, திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. திரும்பத் திரும்ப அனுப்பியதாலேயே அவளுடைய முதலாம் விதி அதை வீண் சத்தம் என்று அள்ளி ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. இரண்டாம் விதி பெட்டியைப் பச்சையாகவே வைத்திருந்திருக்கிறது. மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. அவள் சொன்னதை அச்சொட்டாகச் செய்திருக்கிறது.

கோகுலன் பின்னால் வந்து நின்று அந்த எச்சரிக்கைக் குவியலைப் பார்த்தான். ஏசவில்லை. "உன்ர விதிதானே, கஜி?" என்று மட்டும் கேட்டான். ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான் மாத்திறன் அண்ணா. அவங்கள் கேக்க முதல் மாத்திறன்."

இனிமேல் கூப்பிட்டுப் பார்த்தால் போதாது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை பொய்யாய் ஒரு ஓடரை அனுப்பி, அது மறுகரை போய்ச் சேருகிறதா என்று பார்க்கவேண்டும். சேராவிட்டால் சிவப்பு. அதை எழுதத் தொடங்கினாள். முகம் கொதித்தது. ஊரில் 'எங்கட பிள்ளை' என்று மார்தட்டிக்கொண்டு திரிகிற மனுசனை நினைத்து வெட்கமாக இருந்தது. சோதனை அறிவிப்பு வந்துவிட்டதா என்று, மௌனத்தில் போட்டுக் கவிழ்த்து வைத்திருந்த போனைத் திருப்பினாள்.

அப்பா. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு எண். அழைப்புகள் எல்லாவற்றையும் போன் ஒரே வரியாக்கி வைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் ஒன்று கூடியது.

"ஆர்?" என்றான் கோகுலன்.

"அப்பா. மடிக்குள்ள அமத்துப்படுது போல."

"எடுத்துப் பாரன்."

"எடுத்தாலும் கேக்காது அண்ணா. புல்லு அறுக்கிறார். பின்னேரம் கதைப்பன்."

அவள் போனைப் பழையபடி கவிழ்த்து வைத்தாள்.

அவளைக் குற்றம் சொல்லுவது சுலபம். கண்ணெதிரே அவ்வளவு பெரிய பாடம் விரிந்து கிடக்கும்போது இதைக் காணவில்லையா என்று கேட்கலாம். அவளும் அதைத்தான் பிறகு தன்னிடம் கேட்டாள், எத்தனையோ தடவை கேட்டாள். ஆனால் மனிதப்பிறவி அப்படித்தான். தன் பிழை ஒன்றைக் கண்டுபிடித்து அதைத் திருத்துகிற மும்முரத்தில், அதே பிழையை இன்னொரு கையால் செய்துகொண்டிருக்கும். மகள் அப்பாவின் மேல் வைத்த அக்கறையில் குறை இல்லை. ஓடிப்போய் ஏமாந்து, ஓடிப்போய் ஏமாந்துதான், ஓடாமல் இருக்கப் பழகினாள்.

வேலை முடிந்தது. கோகுலன் அந்த நிரலை வேண்டுமென்று விறைக்க வைத்துப் பார்த்தான். சுவரில் பெட்டி உடனே சிவந்தது. இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள். "இனிப் பயமில்லை" என்றான். அவள் தேத்தண்ணி எடுக்க எழும்பினாள். அப்போதுதான் மேசையில் போன் அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. இராசேஸ்வரி அக்கா.

அம்மனுக்குப் படைத்த பொங்கலை இலையில் சுற்றிக்கொண்டு வீரபாகுவுக்குக் கொடுக்க வந்தாளாம். வீடு திறந்து கிடந்தது. பசு தொண்டை கிழியக் கத்தியது. தேடிப் போனால் மருதமரத்தடியில் ஆள் சரிந்து கிடக்கிறார்.

"ஓட்டோவில ஏத்தியிட்டம். நீ நேர ஆஸ்பத்திரிக்கு வா. பயப்பிடாதை பிள்ளை, மூச்சிருக்கு."

மூச்சு இருந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, ஏன் இவ்வளவு சுணங்கியது என்று டொக்டர் கேட்டார். கஜேந்தினியின் கையில் போன் இருந்தது. முதல் அழைப்பு வந்த நேரம் அதில் பதிந்திருந்தது. அதைப் பார்த்துச் சொன்னாள். சுணங்கியதற்கான காரணத்தைச் சொல்லவில்லை. டொக்டர் வேறொன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் சிறுநீர் போகவில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புடையனின் விஷம் சிறுநீரகத்தில் ஏறிவிட்டது, இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்யவேண்டும் என்றார்கள். செய்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அதில் பச்சைக் கோடு ஏறி இறங்கியபடியே இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீங்கிய கையோடும் மஞ்சளித்த கண்ணோடும் மனுசன் நல்ல தெளிவாகக் கதைத்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு மகளை அறிமுகப்படுத்தி வைத்தார். காவல் பகிடியைச் சொன்னார். பகிடி பாதியில் மூச்சு வாங்கியது.

"அப்பா, ஏன் விட்டு அடிக்கேல்ல? ஏன் வெட்டி வெட்டி எடுத்தனீங்கள்?"

"கொஞ்ச நேரம் அடிக்க விட்டனான் பிள்ளை. பிறகு வெட்டினனான். நீ பெரிய ஆக்களோட கதைச்சுக்கொண்டு இருந்தா? மணி அடிச்சா உனக்குக் கரைச்சல்தானே." நாக்கை நனைத்துக்கொண்டார். "கண்டால் எடுப்பாய் எண்டு தெரியும். நீ காணேல்ல. காணாததுக்கு ஆர் என்ன செய்யிறது?"

கண்டனான் அப்பா என்ற இரண்டு சொல். மனதுக்குள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நேர்ஸ் வந்து மருந்து போட்டபோது அவர் நேர்ஸிடம் சொன்னார்: "என்ர பிள்ளை காணேல்ல. கண்டிருந்தா பறந்து வந்திருக்கும். ஒருக்கா சும்மா மடிக்குள்ள அமத்துப்பட்டதுக்கே பஸ் ஏறி வந்த பிள்ளை." சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. அந்த முகத்துக்கு நேரே அந்த இரண்டு சொல்லை எப்படிப் போடுவது?

பார்க்க வந்த இராசேஸ்வரியிடமும் அதையே சொன்னார். கோகுலன் வந்தபோது அவனிடமும் சொன்னார். கோகுலன் தோடம்பழப் பையைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு, தலையை ஆட்டினான். கஜேந்தினியின் பக்கம் திரும்பவில்லை.

கடைசி நாள் காலை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வைத்துக்கொண்டு இருக்க முடியாது. ஏசட்டும், முகத்தைத் திருப்பட்டும், அவருக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருடைய நல்ல கையைப் பிடித்தாள்.

"அப்பா, அண்டைக்கு நான்..."

"பசுவுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?" அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இராசேஸ்வரி அக்கா வைக்கிறா."

"ஓம். அவ வைப்பா." பிறகு கேட்டார்: "உன்ர வேலை முடிஞ்சுதோ பிள்ளை? அந்தப் பச்சை, சிவப்பு?"

"முடிஞ்சுது அப்பா."

"அப்ப சரி."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கதைக்கவில்லை. பின்னேரம் அவளை வெளியில் நிற்கச் சொன்னார்கள். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள்.

ஜெயபுரத்தில் செத்த வீடு. முற்றத்தில் தகரப் பந்தல் போட்டு, அயலட்டையெல்லாம் கதிரை கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். வீரபாகுவை வேட்டி சால்வையோடு பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். கோயிலுக்கென்று எடுத்து வைத்த வேட்டி அதுதான். பெண்கள் கஜேந்தினியைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து அழுதார்கள். மலையிலிருந்து நடந்து வந்த கதையையும், பெண்சாதி இல்லாமல் பிள்ளை வளர்த்த கதையையும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும், எப்படி நடந்தது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இராசேஸ்வரிதான் மறுமொழி சொன்னாள். எப்படிச் சொன்னாலும் ஒரே இடத்தில்தான் முடித்தாள்.

"கடிச்ச உடன பிள்ளைக்குத்தான் எடுத்திருக்கிறார். பிள்ளை காணேல்ல. கண்டிருந்தா பறந்து வந்திருக்கும். அவரே வாயால சொன்னவர்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். கஜேந்தினியின் மேல் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று, வேலி கட்டுகிற மாதிரி, வருகிற ஒவ்வொருவருக்கும் முந்திக்கொண்டு சொன்னாள். கேட்டவர்களும் அதையே எடுத்து மற்றவர்களுக்குச் சொன்னார்கள். கந்தோர் ஆட்கள் வேனில் வந்து இறங்கியபோது பந்தல் முழுக்க அந்தக் கதைதான். கோகுலன் பூமாலையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, கஜேந்தினியின் முன்னால் வந்து நின்றான்.

"நீங்கள்தானே பிள்ளையின்ர கந்தோர்ப் பெரியவர்?" இராசேஸ்வரி அவனிடமும் தொடங்கினாள். "அண்டைக்குப் பிள்ளை போனைக் காணேல்லத்தானே தம்பி? கண்டிருந்தா..."

"ஓம் அக்கா," என்றான் கோகுலன். "போன் கவிண்டு கிடந்தது. அவ காணேல்ல."

அவன் நல்லவன். அவளைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் கஜேந்தினிக்குள் ஏதோ அறுந்தது. உண்மை தெரிந்த ஒரே ஆளும் அந்தப் பக்கம் போய்விட்டான். இனி இந்தப் பூமியில் அப்பாவின் அழைப்பு யாரும் காணாத அழைப்பாகவே போய்விடும்.

"கண்டனான்," என்றாள்.

ஒப்பாரியில் அது யாருக்கும் கேட்கவில்லை. எழும்பி நின்றாள்.

"நான் கண்டனான். போனைத் திருப்பிப் பாத்தனான். அப்பாவின்ர பேர் கிடந்தது. நான் பாத்துக்கொண்டு இருக்கேக்கயே திரும்பவும் எடுத்தவர். நான் கவிட்டு வைச்சனான். கேளுங்கோ, நான் கண்டனான்!"

இப்போது பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இராசேஸ்வரி ஓடி வந்து அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயோ என்ர பிள்ளை! பாருங்கோ, அழாமல் இருந்து இருந்து பிள்ளைக்கு மூளை கலங்கிப் போச்சு. ஒண்டும் சாப்பிடேல்ல, நித்திரையில்ல. ஆராவது கொஞ்சம் சீனித் தண்ணி கரையுங்கோ!"

"அக்கா, நான் உண்மையாத்தான்..."

"ஓம் ராசாத்தி, ஓம். நீ ஒண்டும் கதையாதை."

அவள் திமிறினாள். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து பிடித்து இருத்தினார்கள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி முகத்தைத் துடைத்தாள். அவள் மறுபடியும் கண்டனான் என்றாள். பிறகும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் பாவமாகப் பார்த்தார்கள். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, தன்னில் பழியைப் போட்டுக்கொள்ளுகிறது, எல்லாச் செத்த வீட்டிலும் நடக்கிறதுதான் என்று ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கினாள். கஜேந்தினி கோகுலனைப் பார்த்தாள். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவள் சொல்லுவதை நிறுத்தினாள். யாரோ கொடுத்த சீனித் தண்ணியை வாங்கிக் குடித்தாள்.

வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. பூநகரியிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர். எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். இராசேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

"கடிச்ச உடன பிள்ளைக்குத்தான் எடுத்திருக்கிறார். பாவம், பிள்ளை காணேல்ல."